நீரின் அடியை அளந்த மேதை

மழை குறைந்த எங்கள் கரிசல் பூமியில் தண்ணீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பந்தல்குடியைச் சுற்றியுள்ள தோட்டங்களில், பம்புசெட் ஓடும்போது மின்சாரம் திடீரென நின்றால் குழாய் தடதடவென்று அதிர்வதை நாம் கேட்டிருக்கிறோம். மேலேறிக்கொண்டிருந்த நீர் திரும்பி விழுந்து வால்வில் மோதும் ஓசையே அது. அந்த அடியின் வேகத்தில் சில வேளைகளில் குழாயே வெடித்துவிடும். பொறியாளர்கள் இதனை வாட்டர் ஹாமர் என்பர். அதாவது நீரே சம்மட்டியாகி அடிக்கிறது. இந்த அடிக்குக் கணக்குக் கண்டவர்களுள் தலைசிறந்தவர் ரஷ்ய அறிஞர் நிகலாய் ஜுக்கோவ்ஸ்கி ஆவார்.

இவர் 1847-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் ஒரேகோவோ என்னும் சிற்றூரில் ஒரு பொறியாளரின் மகனாகப் பிறந்தார். தந்தையைப் போலத் தாமும் பொறியாளராக வேண்டும் என்பதே இவரது கனவு. 1868-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், பீட்டர்ஸ்பர்க் சென்று பொறியியல் படிப்பில் சேர்ந்தார். ஆனால் அப்படிப்பு கைகூடவில்லை. இவரோ மனம் தளரவில்லை. ஆசிரியப் பணியை ஏற்று, 1872 முதல் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியில் கற்பித்தார்.

அந்நாளில் மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்கள் உடைந்து பெருந்தொல்லை தந்தன. காரணம் கண்டறியும் பொறுப்பு இவரிடம் வந்தது. 1897-இல் அலெக்சேயெவ்ஸ்காயா நீரேற்று நிலையத்தில் 2, 4, 6 அங்குலக் குழாய்களைப் பதித்து, ஓடும் நீரைச் சட்டென்று அடைத்து அழுத்தத்தை அளந்தார். அடைத்த இடத்தில் எழும் அழுத்தம், அலையாகக் குழாய் வழியே ஓடித் திரும்புவதைக் கண்டார். அந்த அலை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஓடும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் செல்லும் நீரைத் திடீரென நிறுத்தினால், 100 மீட்டர் உயர நீரின் பாரம் கூடுதலாகக் குழாயைத் தாக்கும்! 1898-இல் இந்த உண்மைகளை எடுத்துரைத்தார்.

நோயைக் கண்டவர் மருந்தையும் சொன்னார். அலை போய்த் திரும்பும் நேரத்தைவிட மெதுவாக வால்வை மூடினால் அடி தணியும். காற்று அடைத்த கலமும் பாதுகாப்பு வால்வும் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். அழுத்தம் ஏறி இறங்கும் வரைபடத்தைப் பார்த்தே, குழாய் எங்கே உடைந்தது என்று நிலையத்தில் இருந்தபடி அறியும் வழியையும் காட்டினார்.

நீலகிரியில் 1932-இல் இயங்கத் தொடங்கிய பைகாரா மின்நிலையத்தில், 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து நீர் குழாய்களில் பாய்ந்து சக்கரங்களைச் சுழற்றுகிறது. அத்தகைய நிலையங்களில் நீரைச் சட்டென்று அடைத்தால் என்ன ஆகும்? அதனால்தான் நீர்த்தாரையை முதலில் சக்கரத்திலிருந்து விலக்கிவிட்டு, அதன் பின்னரே வாயை மெல்ல மூடுவர். தாமிரபரணி நீரை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவரும் நெடுந்தூரக் குழாய்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரு குழாய் உடைந்தால் எத்தனை வீடுகளில் குடம் காலியாகும் என்பதை நம் அன்னையர் அறிவர்.

ஜுக்கோவ்ஸ்கி பறக்கும் கலையையும் ஆராய்ந்து, ரஷ்ய விமானவியலின் தந்தை எனப் புகழ் பெற்றார். 1921 மார்ச் 17-இல் மறைந்தார்.

பொறியியல் படிப்பை முடிக்க இயலாத ஒருவர் உலகப் பொறியாளர்களுக்கே ஆசானானார். தோழியரே, பதறாத காரியம் சிதறாது என்பார்கள் பெரியோர். குழாயை மூடும்போதும், தோல்வி வரும்போதும் அதனை நாம் நினைவில் கொள்வோமாக!