ஒரு நாள் மகாராஜா

1914-ம் ஆண்டு. முதல் உலகப்போர் நேரம். ஜெர்மன் போர்க் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசிவிட்டு ஓடியது. (பொல்லாத ஆளை எம்டன் என்கிறோமே, அந்தப் பேச்சுக்குக் காரணமான அதே எம்டன்தான்!)

சில வாரங்களில் எம்டன் இன்னொரு வேலை செய்தது. இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதில் பல நாட்டு நகரங்களின் படங்களும் வரைபடங்களும் இருந்தன. ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் சேர்த்தவை. எல்லாம் கடலுக்குள் போய்விட்டன.

அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். வயது 60. வேறு கப்பலில் இந்தியா வந்திருந்தார். செய்தி கேட்டு அவர் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் அவசரமாகப் புதுப் படங்கள் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னை செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது!

இருட்டில் வந்த யோசனை

கெடிஸ் தாவர நூல் படித்தவர். 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போனார். அங்கே கண் நோய் வந்தது. பல வாரம் இருட்டறையில் கிடந்தார். ஜன்னலின் கண்ணாடிக் கட்டங்களைக் கையால் தடவினார். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு விஷயமாக நினைத்துக்கொண்டார். ஒன்றுக்கு ஒன்று என்ன தொடர்பு என்று யோசித்தார்.

செடியை மட்டும் பார்த்தால் செடி புரியாது. மண்ணையும் நீரையும் வெயிலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஊரும் அப்படித்தான் என்றார் கெடிஸ். மலையில் சுரங்கம். சரிவில் ஆட்டு மந்தை. சமவெளியில் பயிர். கடலோரம் மீன். நிலம் தொழிலைத் தருகிறது; தொழில் மனிதரை உருவாக்குகிறது. ஆகவே ஒரு தெருவைத் தொடுமுன் ஊர் முழுவதையும் ஆராயவேண்டும். அங்கே வாழ்பவர்களைக் கேட்கவேண்டும்.

இது வெறும் பேச்சு அல்ல. 1886-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் அன்னா. எடின்பரோ நகரில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பழைய கட்டடத்தில் இருவரும் குடியேறினர். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு அந்த இடத்தைச் சுத்தம் செய்தனர்.

தஞ்சாவூர் சந்துகள்

தஞ்சைக் கோட்டைக்குள் நேர் நேராகச் சாலை போட ஒரு திட்டம் இருந்தது. போட்டால் பல வீடுகள் இடிபடும். குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்?

கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். புதுச் சாலையே வேண்டாம் என்றார். மிகவும் பாழான சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும். காலி மனைகளைச் சேர்த்துக்கொண்டால் சந்து அகலமாகும். காற்று வரும். செலவும் சொற்பம். விரலில் புண் வந்தால் கையை வெட்டுவார்களா?

இரட்டை இடி

1917 ஏப்ரல். மகன் அலஸ்டேர் பிரான்சில் போர்க்களத்தில் இறந்தான். அப்போது அன்னா இந்தியாவில் கடும் காய்ச்சலில் கிடந்தார். கெடிஸ் மனைவியிடம் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. துக்கத்தை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜூன் மாதம் அன்னா கல்கத்தாவில் காலமானார். மகன் போனது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இந்தத் துயரத்துக்குப் பிறகும் கெடிஸ் வேலையை விடவில்லை. இந்தூரில் பிளேக் நோய். அவரைக் கண்டாலே ஜனங்கள் பயந்தார்கள். வீட்டை இடிக்க வந்தவர் என்று நினைத்தார்களோ என்னவோ! கெடிஸ் ஒரு நாள் மட்டும் தன்னை மகாராஜா ஆக்கும்படி மன்னரைக் கேட்டார். மன்னரும் சம்மதித்தார்.

தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் என்று அறிவித்தார். எந்தத் தெருவழியாக? அங்கேதான் சூட்சுமம்! எந்தத் தெரு ரொம்பச் சுத்தமோ அந்தத் தெருவழியாக! ஊரே துடைப்பம் எடுத்தது. குப்பை வண்டி வண்டியாகப் போனது.

ஊர்வலத்தில் யானைகள் வந்தன. அழுக்கு அரக்கன் வந்தான். பெரிய பிளேக் எலி வந்தது. பின்னால் நகர சுத்தித் தொழிலாளர்கள் வெள்ளை உடையும் மாலையுமாக வந்தார்கள். வர்ணம் பூசிய அவர்களுடைய வண்டிகளுக்குத்தான் அன்று மரியாதை. கடைசியில் அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள்.

1919-ல் பம்பாய் சர்வகலாசாலை அவரைப் பேராசிரியர் ஆக்கியது. 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1932-ல் பிரான்சில், மோன்பெலியே நகரில் காலமானார்.