ஷூமனின் விரல்

விடுதி அறையில் இரவு பத்து மணிக்கு மேலும் வயலினை அறுத்துக்கொண்டிருப்பவன் நான். அடுத்த அறை நண்பர்கள் பொறுத்தருள்க! சென்ற ஆண்டு, இரண்டே மாதத்தில் ஒரு வர்ணத்தை மூன்று காலத்திலும் வாசித்துவிடுவது என்று வெறிகொண்டு நாள்தோறும் நான்கு மணி நேரம் சாதகம் செய்தேன். இடக்கை மணிக்கட்டு வீங்கிற்று. ஆறு வாரம் வயலினைத் தொடலாகாது என்றார் மருத்துவர். அந்த ஆறு வாரத்தில்தான் ராபர்ட் ஷூமனின் வரலாற்றைப் படித்தேன்.

ஷூமன் 1810ஆம் ஆண்டு ஜெர்மன் நாட்டில் சுவிக்காவ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் புத்தக வணிகர். மகனுக்குப் பதினாறு வயதாகும்போது மறைந்துவிட்டார். தாயாரின் விருப்பப்படி 1828இல் ஷூமன் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். சேர்ந்தாரேயன்றிப் படித்தார் என்று சொல்வதற்கில்லை. 1830இல் பிராங்க்பர்ட் நகரில் பாகனீனியின் வயலினைக் கேட்டபின் அவருக்குச் சட்டம் அடியோடு கசந்துவிட்டது. பியானோ ஒன்றே வாழ்வு என்று தாயாருக்கு எழுதினார்.

அந்த அம்மையார் பதறிப்போய், லைப்சிக்கில் பெயர்பெற்ற ஆசிரியரான பிரீட்ரிக் வீக்கைக் கேட்டார். மூன்றாண்டில் இவனைச் சிறந்த பியானோ வித்துவானாக்க முடியும். ஆனால் அடிப்படைப் பாடங்களை நாள்தோறும் பொறுமையாகச் செய்ய இவனால் ஆகுமா என்பதுதான் ஐயம் என்று அவர் விடை எழுதினார். ஆசிரியர் மாணாக்கனை நன்றாகவே எடைபோட்டிருந்தார்!

அவ்வாண்டே ஷூமன் ஆசிரியர் வீட்டிலேயே குடியேறினார். அங்கே வீக்கின் மகள் கிளாரா இருந்தாள், வயது பதினொன்று. வீக் அவளுக்கு எடுத்தவுடன் இசைக்குறிப்பைக் காட்டவில்லை. முதலில் காதால் கேட்டு வாசிக்கச் செய்தார். நாளுக்கு ஒரு மணி நேரம் பாடம், இரண்டு மூன்று மணி நேரம் சாதகம், பிறகு திறந்த வெளியில் நீண்ட நடை. அதற்குமேல் அவளைப் பியானோ முன் உட்காரவைக்க அவர் விரும்பவில்லை.

ஷூமனுக்கோ இருபது வயது. சட்டத்தில் கழிந்த ஆண்டுகளை ஈடுசெய்ய வேண்டுமென்ற பரபரப்பு. 1831ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வீக் மகளை அழைத்துக்கொண்டு பாரிஸ் பயணம் புறப்பட்டார். திரும்பப் பல மாதங்களாயின. கண்டிப்பார் இல்லாத அக்காலத்தில் ஷூமன் விரலுக்கு ஒரு கருவியைப் பூட்டிச் சாதகம் செய்தார். ஒரு விரலை மற்ற விரல்களினின்றும் பிரித்துத் தனியே பழக்குவது அதன் நோக்கம்.

விரல்கள் அவ்வாறு பிரிவனவல்ல. நண்பர்களே, உள்ளங்கையை மேசைமேல் வைத்து நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். எழும்பாது. புறங்கையில் விரல்களை நீட்டும் தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. எவ்வளவு முயன்றாலும் இந்தப் பிணைப்பு அவிழாது.

1832க்குள் ஷூமனின் வலக்கை நடுவிரல் சொன்னபடி கேட்க மறுத்தது. மூலிகைக் கட்டு, மின்சாரம் என்று ஏதேதோ செய்து பார்த்தனர். அப்போதுதான் அறுத்த விலங்கின் குடலுக்குள் கையை விட்டு வைத்திருக்கும்படியும் ஒரு வைத்தியம் நடந்தது. அருவருப்போடு அதையும் செய்தார், பாவம்! ஒன்றும் பலிக்கவில்லை. குற்றம் கருவியின்மேல் மட்டும் இல்லை என்று இக்கால மருத்துவர் பலர் கருதுகின்றனர். ஒரே அசைவை அளவின்றித் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் உரிய பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துபோகக்கூடும். அப்போது கையில் புண் இல்லாமலே விரல் தடுமாறும். சாதகம் கையில் மட்டும் நடப்பதாக எண்ணியிருந்த என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்தி இது.

இருபத்திரண்டு வயதில் மேடைக் கனவு முடிந்தது. ஷூமன் எழுத்திலும் இசையமைப்பிலும் இறங்கினார். 1834இல் இசைக்கென ஓர் இதழ் தொடங்கினார். வீக் மூர்க்கமாக எதிர்த்தும், நீதிமன்றம் வரை சென்று 1840இல் கிளாராவை மணந்தார். அந்த ஓராண்டில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் பிறந்தன. 1845 டிசம்பரில் டிரெஸ்டன் நகரில் அவருடைய பியானோ கன்செர்ட்டோ முதன்முறையாக அரங்கேறியபோது பியானோ வாசித்தவர் கிளாராதான்.

1848இல் சிறுவருக்கெனப் பியானோ உருப்படிகள் இயற்றியபோது, இசை பயில்வோருக்குச் சில விதிகளும் எழுதினார். செவியைப் பழக்குவதுதான் அவற்றுள் முதன்மையானது. நாளெல்லாம் விரற்பயிற்சி செய்துகொண்டிருப்பதையும், ஓசை எழுப்பாத ஊமைப் பியானோவில் பழகுவதையும் அவர் ஏளனம் செய்கிறார். தம் விரலைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

பின்னர் மனநோய் முற்றி, 1854இல் ரைன் ஆற்றில் குதித்தார். மீட்கப்பட்டு மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1856இல் அங்கேயே காலமானார். கிளாரா 1891 வரை மேடையில் வாசித்தார்.

இப்போது நான் ஒரு சங்கதியை முதலில் வாயால் பாடிப் பார்க்கிறேன். சுருதி சேர்ந்த பிறகே வில்லை எடுக்கிறேன்; அதுவும் விளம்ப காலத்தில். முக்கால் மணி நேரம் ஆனதும் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே நடக்கிறேன். மணிக்கட்டு வலிப்பதில்லை. வர்ணம் மட்டும் இன்னும் இரண்டாம் காலத்திலேயே நிற்கிறது.