யார் இந்த ரஹீம்? இந்தியக் கால்பந்து கோச் மாறும்போதெல்லாம் ரசிகர்கள் இழுக்கும் ஹைதராபாத் வாத்தியார்

இந்தியக் கால்பந்து அணியின் கோச் ஒருவர் கிளம்பினால் போதும், ரசிகர்கள் உடனே பழைய கணக்கை எடுத்துவிடுவார்கள். 2025 ஜூலையில் மனோலோ மார்க்கேஸ் விலகியபோதும் அதேதான் நடந்தது. 8 மேட்ச், 1 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. பதவியில் ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

இவருக்கு முன்னால் இருந்த இகோர் ஸ்டிமாச்சே தேவலை, தெற்காசியக் கோப்பையை 2 தடவை வாங்கித் தந்தாரே என்றது ஒரு கூட்டம். ஃபிஃபா தரவரிசையில் அணியை 100க்குள் கொண்டு வந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன்தான் பெஸ்ட் என்றது இன்னொரு கூட்டம். கொஞ்சம் வயசானவர்கள் பாப் ஹவுட்டன் பெயரைச் சொன்னார்கள். 27 வருஷம் கழித்து 2011ல் இந்தியா ஆசியக் கோப்பையில் ஆடியது அவர் தயார் செய்த அணியோடுதான்.

வாக்குவாதம் எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஒரு பெயரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். சையது அப்துல் ரஹீம். அந்தப் பெயர் வந்ததும் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். ஆசிய விளையாட்டில் 2 தங்கம், ஒலிம்பிக்கில் 4வது இடம். இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

ஆனால் பதக்கத்தை மட்டும் வைத்து அவரை எடை போட்டால் பாதிக் கதை விட்டுப்போகும்.

ஸ்கூல் வாத்தியார்

1909ல் ஹைதராபாத்தில் பிறந்தவர் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார், கல்லூரி அணியில் ஆடினார். வேலை, பள்ளிக்கூட ஆசிரியர். காச்சிகூடா, சாதர்காட் என்று ஹைதராபாத் பள்ளிகளில் பாடம் நடத்தியவர், பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து விளையாட்டுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார்.

எங்கள் வடமதுரை மாதிரி ஊர்களில் பி.டி. பீரியட் என்றால் கணக்கு சார் கடன் வாங்கிக்கொள்கிற பீரியட். ரஹீம் வேலை பார்த்ததும் அதே மாதிரி பள்ளிக்கூட மைதானங்களில்தான். வித்தியாசம் என்னவென்றால், அந்த மைதானத்தை அவர் விடவே இல்லை.

1943ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியும் அவர் கைக்கு வந்தது. சங்கம், கிளப் இரண்டையும் 1963ல் இறக்கும்வரை அவரே பார்த்துக்கொண்டார். 20 வருஷம்! இன்று ஒரு கோச்சுக்கு 2 வருஷ ஒப்பந்தம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

செயலாளராக அவர் நடத்திய போட்டிகள் ரொம்ப விசித்திரமானவை. ஒரு போட்டியில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது, வந்ததும் பாஸ் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால்தான் அடிக்க வேண்டும். வலது கால்காரன் இடது காலை நம்பித்தான் ஆகவேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தமாஷாகத் தெரிந்திருக்கும். ஆனால் 2 காலிலும் ஆடத் தெரிந்த, பந்தைப் பதுக்கி வைக்காத ஒரு தலைமுறை அந்த ஊரில் உருவானது.

ரிசல்ட்? மும்பையில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை ஹைதராபாத் போலீஸ் 1950ல் இருந்து 1954 வரை தொடர்ந்து 5 தடவை தூக்கியது. 1950, 1954, 1957ல் டுராண்ட் கோப்பை. நடுவில் 1955லும் 1958லும் அதே டுராண்டை வென்றது நம்ம நீலகிரி வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். கொல்கத்தா கிளப்புகளைத் தாண்டி இந்தியக் கால்பந்தே கிடையாது என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் தெற்கே இப்படி ஒரு வரலாறு ஓடிக்கொண்டிருந்தது.

10-1 தோல்வி

1951 டெல்லி. முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஃபைனலில் சாஹு மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை வென்று இந்தியாவுக்குத் தங்கம். பயிற்சியாளர் ரஹீம்.

அடுத்த வருஷம் ஹெல்சின்கி ஒலிம்பிக். யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை. குளிர் தேசத்தில், நம் வீரர்கள் சிலர் வெறுங்காலோடு இறங்கிய மேட்ச் அது. இந்த அடிக்குப் பிறகுதான் இந்திய வீரர்கள் பூட்ஸ் போடுவது கட்டாயம் ஆனது.

ரசிகர்கள் ஒப்பிடும்போது இந்த 10-1ஐ யாரும் ரஹீம் கணக்கில் எழுதுவதில்லை. எழுதித்தான் பார்க்க வேண்டும். இன்றைக்கு ஒரு கோச் அப்படித் தோற்றால் விமானம் ஊர் வந்து சேரும் முன்பே வேலை போயிருக்கும். 1954 மணிலா ஆசிய விளையாட்டுக்கு இந்திய அணியைக் கூட்டிப் போனது ரஹீம் இல்லை, பலைதாஸ் சாட்டர்ஜி. அணி முதல் சுற்றோடு வெளியே வந்தது.

1956 மெல்போர்னுக்கு ரஹீம் திரும்பி வந்தார். முதல் சுற்றில் ஹங்கேரி விலகியதால் ஆடாமலே அடுத்த சுற்று. அந்த அதிர்ஷ்டத்தையும் சொல்லித்தான் ஆகணும். ஆனால் அடுத்து ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று அடித்தது அதிர்ஷ்டம் இல்லை. நெவில் டிசோஸா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதியில் ஆடிய முதல் ஆசிய நாடு இந்தியா. அங்கே எதிரில் நின்றது மறுபடியும் யுகோஸ்லாவியா. முதல் கோல் அடித்தது இந்தியா, கடைசியில் தோல்வி 4-1. நாலே வருஷத்தில் 10-1ல் இருந்து 4-1.

1960 ரோமில் ஹங்கேரியிடம் 2-1, பெருவிடம் 3-1 என்று தோல்வி. பிரான்ஸோடு 1-1 டிரா. இந்தியக் கால்பந்து ஒலிம்பிக் போனது அதுதான் கடைசி. அந்த அணியில் இருந்த சைமன் சுந்தரராஜ் பிற்பாடு கோச் ஆகி, 1973ல் கேரளாவுக்கு அதன் முதல் சந்தோஷ் டிராபியை வாங்கித் தந்தார்.

சைக்கிள் வாடகை ஒரு ரூபாய்

ரஹீம் கண்டெடுத்தவர்களில் முக்கியமானவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். வீட்டில் வசதி கிடையாது. பயிற்சிக்கு ஹைதராபாத் வந்து போகக் காசில்லை என்று தெரிந்ததும், வாடகை சைக்கிளுக்கு தினம் ஒரு ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார் ரஹீம். அந்தப் பையன் 2 ஒலிம்பிக், 2 ஆசிய விளையாட்டு ஆடினான். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூவரையும் சேர்த்துச் சொல்வதுதான் இந்தியக் கால்பந்தில் இன்றுவரை வழக்கம்.

ஒரு தேசிய அணிக் கோச்சின் சாதனைப் பட்டியலில் சைக்கிள் வாடகை வராதுதான். ஆனால் பலராம் இல்லாத இந்திய அணி வேறு அணி.

ஜகார்த்தா 1962

இதுதான் எல்லோரும் பேசும் கட்டம். ரஹீமுக்கு அப்போது புற்றுநோய். உடம்பு ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் அணியோடு போனார்.

முதல் மேட்சிலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றதில் டிஃபன்ஸின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலை உடைந்து தையல். ஜப்பானை 2-0 என்று வென்ற மேட்சில் அவர் இல்லை.

மைதானத்துக்கு வெளியே இன்னொரு தலைவலி. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்திருந்தது. இதை ஆசிய விளையாட்டு என்றே அழைக்கக் கூடாது என்று இந்திய ஒலிம்பிக் நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்ப்புத் தெரிவிக்க, ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஸ்டேடியத்தில் இந்தியப் பெயர் வந்தாலே ஊளைச் சத்தம்.

அரையிறுதியில் ரஹீம் செய்த காரியத்தை இன்றும் நம்ப முடியவில்லை. தலையில் தையலோடு இருக்கும் டிஃபண்டரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். காலேஜ் நாட்களில் ஜர்னைல் அந்த இடத்தில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். தென்வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது, அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது.

ஃபைனலுக்கு முந்தின இரவு வீரர்களிடம் ரஹீம் தனக்குப் பரிசாகக் கேட்டது அந்தத் தங்கத்தை மட்டும்தான் என்று கேப்டன் சுனி கோஸ்வாமி பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

செப்டம்பர் 4. எதிரே மறுபடியும் தென்கொரியா, சுற்றிலும் சுமார் ஒரு லட்சம் பேர். உயரப் பந்துகளை நம்பும் அணி அது என்பதால் கோல்கீப்பரை மாற்றினார் ரஹீம். காய்ச்சலில் இருந்து எழுந்து வந்த நெடிய உருவம் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் வளர்ந்தவர், பெயரைப் பார்த்தாலே நம்மாள் என்று தெரியும். 17வது நிமிஷம் பி.கே. பானர்ஜி, 20வது நிமிஷம் ஜர்னைல். கொரியாவுக்குக் கடைசி நேரத்தில் ஒரு கோல். 2-1. தங்கம்.

ஒப்பீடு நியாயமா?

முழுசாக நியாயம் இல்லை. 1951ல் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் ஆடியதே 6 அணிகள், 1962ல் 8. இன்றைய ஜப்பானும் கொரியாவும் அன்றைய ஜப்பானும் கொரியாவும் இல்லை. மனோலோவை ரஹீம் தராசில் வைத்தால் பாவம்தான். அதே மனோலோ 2021-22 சீசனில் ஹைதராபாத் கிளப்புக்கு ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கித் தந்தவர். அங்கே அவருக்கு நேரம் இருந்தது, தினமும் கையில் வீரர்கள் இருந்தார்கள். ரஹீமுக்கும் அப்படித்தான். அவர் தேசிய அணிக்குத் தேர்ந்தெடுத்த பையன்களில் பலரைச் சின்ன வயசிலிருந்தே தெரியும். யாருக்கு எந்தக் கால் பலவீனம் என்பதுவரை தெரியும். கோச்சை மாற்றலாம், அந்தப் பழக்கத்தை எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வாங்க முடியாது.

மனோலோவுக்குப் பிறகு 13 வருஷத்தில் முதல் இந்தியக் கோச்சாக காலித் ஜமீல் வந்தார். 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 தோல்வி, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போச்சு. அன்று ராத்திரியே பழைய பெயர்கள் எல்லாம் மறுபடி வெளியே வந்தன.

ஜகார்த்தா வெற்றிக்கு ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், 1963 ஜூன் 11ல் ரஹீம் இறந்தார். வயது 53. அதே வருஷம் உடல்நிலை மோசமாகி பலராமும் ஆட்டத்தை விட்டார், அப்போது அவருக்கு 27 வயசுகூட இல்லை. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது தொடங்கியது 1985ல், ரஹீம் போய் 22 வருஷம் கழித்து. 2024ல் அஜய் தேவ்கன் நடிப்பில் வந்த 'மைதான்' படம்தான் நிறைய பேருக்கு அவர் முகத்தை அறிமுகம் செய்தது. அந்தப் படத்தின் கதை 1952ல் ஆரம்பிக்கிறது. பழக்கமில்லாத காலால் அடிக்கச் சொன்ன வாத்தியார் வேலை அதற்கு ரொம்ப முன்னாடியே, ஹைதராபாத் பள்ளிக்கூட மைதானங்களில் தொடங்கிவிட்டது.