பக்கத்து ஊர்க்காரர் கே.எஸ்.கிருஷ்ணன்

பேரையூரிலிருந்து தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்குப் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் வத்திராயிருப்பைக் கடந்திருப்பீர்கள். 1898-ல் அங்கே பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கேயே வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, மதிய இடைவேளையில் மாணவர்களை உட்காரவைத்து இயற்பியலில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வாராம். பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் ஆள் வந்ததாம். டியூஷன் கட்டணம் கட்டும் நமக்கு இது ஆச்சரியம்தான்!

பிறகு கல்கத்தா போய் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் இருவரும் செய்த சோதனையைக் கொஞ்சம் கவனியுங்கள். சூரிய ஒளியை நீலக் கண்ணாடி வழியாக வடிகட்டி ஒரு திரவத்தில் பாய்ச்சினார்கள். சிதறி வரும் ஒளிக்கு எதிரே, அந்த நீலத்தை அறவே தடுக்கும் இன்னொரு வடிகட்டி. எதுவும் தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக ஒளி தெரிந்தது! சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் தெரிந்தது.

காரணம் இதுதான். மூலக்கூறில் அணுக்கள் ஸ்பிரிங்கில் கட்டிய குண்டுகள்போல அதிர்கின்றன. அந்த அதிர்வின் ஆற்றல் படிக்கட்டுபோலத்தான் ஏறும். ஒரு படி ஏற வேண்டிய ஆற்றலை ஒளியிடமிருந்து எடுத்துக்கொள்ள, ஒளியின் நிறம் மாறிவிடுகிறது. நிறம் எவ்வளவு மாறியது என்று அளந்தால் படியின் உயரம் கிடைத்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மைக்ரோவேவ் அலைகளும் இதற்கு உதவின. அவை அளப்பது மூலக்கூறின் சுழற்சியை. அதிரும் மூலக்கூறு சற்றே வேறு விதமாகச் சுழல்வதால் அதன் கோடு தள்ளி விழும். அந்தக் கோட்டின் வலுவை மற்றதோடு ஒப்பிட்டும் படியின் உயரத்தைக் கணக்கிடலாம்.

1928-ல் 'நேச்சர்' இதழில் வந்த முதல் கட்டுரையில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உண்டு. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். விளைவுக்கும் அவர் பெயரே நின்றது. வழிநடத்தியவர் ராமன் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பள்ளிப் பாடத்தில் கிருஷ்ணனுக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அவர் அதோடு நின்றுவிடவில்லை. டாக்காவில் படிகங்களின் காந்தத் தன்மையை ஆராய்ந்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1946-ல் சர் பட்டம், 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1958-ல் முதல் பட்நாகர் விருதும் அவருக்கே. 1961-ல் காலமானார்.

அடுத்த முறை கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்புக்கு வண்டி திரும்பும்போது பின்சீட்டுப் பிள்ளைகளிடம் இவரைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.