போர் துரத்தியவர் வரைந்த மொரிஸ் மைனர்

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாண வீதிகளில் மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனரை எங்களில் பலர் மறந்திருக்கமாட்டோம். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணினால், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். நோயாளிகளையும் இடம்பெயர்ந்தவர்களையும் சுமந்த அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிசும் போரால் இடம்பெயர்ந்தவர்தான்.

1906இல் ஒட்டோமான் பேரரசின் துறைமுக நகரான ஸ்மிர்னாவில் பிறந்தார். அது இன்று துருக்கியின் இஸ்மிர். தந்தை கிரேக்க வம்சாவளிப் பொறியியலாளர், பிரித்தானியப் பிரஜை. தாய் ஜேர்மனிய வம்சாவளியினர். 1922இல் கிரேக்க - துருக்கிப் போர் நகரத்தை நெருங்க, பிரித்தானியக் கப்பலில் மால்டாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே தந்தை இறந்துபோனார். தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். இலண்டனில் படிக்கும்போது கணிதப் பரீட்சையில் மூன்று தடவை சித்தியடையவில்லை. ஆனால் வரைவதில் கெட்டிக்காரர்.

1948இல் அவருடைய மொரிஸ் மைனர் வெளிவந்தது. 1952இல் 803 சிசி எஞ்சின், 1956இல் 948, 1962இல் 1098 என அது வளர்ந்தது. 803க்கு இருந்த சிறிய காபரேட்டர் 948க்கு ஒன்றேகால் அங்குலமானது. 1959இல் அவர் தந்த மினியை, 1961இல் ஜோன் கூப்பர் வேகக் காராக்கியபோதும் எஞ்சினை மட்டும் 997 சிசிக்குப் பெருப்பிக்கவில்லை. இரட்டைக் காபரேட்டர், பெரிய வால்வு, முன் டிஸ்க் பிரேக் எல்லாம் சேர்ந்தே மாறின.

இதன் அருமையைத் தம்புள்ளையில் ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்றில் கண்டேன். கிளிநொச்சிக்காரர் ஒருவர் தகப்பனின் மைனருக்கு 1275 சிசி எஞ்சின் ஏற்றியிருந்தார். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பெரிய காபரேட்டரையும் கொண்டுவந்திருந்தார். பழைய மேனிபோல்டில் அதைப் பூட்டக் கராஜ்காரர் மறுத்துவிட்டார். காபரேட்டர் வாய், மேனிபோல்ட், கேஸ்கட், ஹெட் துளை நான்கும் ஒரே அளவில் பொருந்தவேண்டும் என்று விளக்கினார். இடையில் படி நின்றால் காற்று தடைப்படும். துளை அளவுக்குமேல் பெருத்தால், மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைந்து பெற்றோல் சரியாகக் கலக்காது. எஞ்சினுக்கு ஏற்ற ஊசி போடாமல் கலவை மெலிந்தால் வால்வு எரியும். உழைத்த காசு அதோடு போகும்.

1969இல் இசிகோனிசுக்கு சேர் பட்டம் கிடைத்தது. 1988 ஒக்டோபரில் காலமானார். அவர் வரைந்த கார்கள் எங்கள் வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் எஞ்சினை மாற்ற நினைப்பவர்கள் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்காமல், முதலில் அளவு எடுங்கள்.