நகைச்சுவைச் செல்வர் பெர்ட் வில்லியம்ஸ்

மெய்ப்பாடுகள் எட்டனை வகுத்துரைத்த தொல்காப்பியனார் நகையை முதற்கண் நிறுத்தி, அழுகையை அதற்கு அடுத்து வைத்தார். நகை தோன்றும் நிலைக்களன்களை எண்ணுமிடத்தும் எள்ளலையே முதலிற் கூறினார். இம்முறைவைப்பின் நுட்பம், அமெரிக்க நாட்டு மேடைகளிலே தனித்து நின்று பல்லாயிரவரைச் சிரிக்கச் செய்த பெர்ட் வில்லியம்ஸ் என்பாரது வாழ்க்கையை நோக்குவார்க்கு இனிது விளங்கும். எள்ளப்பட்ட ஓரினத்திற் பிறந்து, அவ்வெள்ளலையே தொழிற்கு முதலாகக் கொண்டு தொடங்கி, அதனை மாந்தர் யாவர்க்கும் பொதுவாகிய நகையாக உயர்த்தியவர் அவர். அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வில்லியம்ஸ் 1874ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள், அக்காலத்து ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டிருந்த பகாமாத் தீவுகளின் தலைநகராகிய நாசோவிற் பிறந்தார். அவர் சிறுவராயிருந்தபொழுதே குடும்பத்தார் அமெரிக்கா சென்று, கலிபோர்னியா மாகாணத்து ரிவர்சைடு என்னும் ஊரிற் குடியமர்ந்தனர். ஆப்பிரிக்க வழிவந்தாராயினும் தீவிலே பிறந்தாராதலின், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கு அவர்க்கு அயல்மொழி போன்றதே. பின்னர் மேடைக்கென அதனை அவர் முயன்று பயில வேண்டியதாயிற்று.

1893ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ஜார்ஜ் வாக்கர் என்னும் இளைஞரோடு நட்புப் பூண்டார். இருவரும் இணைந்து மேடையேறினர். அந்நாளில் வெள்ளையர் பலர், எரித்த தக்கையின் கரியை முகத்திற் பூசிக்கொண்டு, அடிமைப்பட்டு உழன்ற மக்களைப் பேதையராகவும் சோம்பராகவும் நடித்துக் காட்டிப் பொருளீட்டி வந்தனர். இவ்விருவரோ, அவ்வேடதாரிகள் வழங்கிய இழிபெயரையே தம் விளம்பரத்திற் பொறித்து, மெய்யானவர் தாமே என்று அறிவித்தனர். அவ்வாறு அறிவித்தும் வழக்கம் அவர்களை விடவில்லை. டெட்ராய்ட் நகரத்து அரங்கொன்றில் ஒருநாள், விளையாட்டாகவே, வில்லியம்ஸ் தம் முகத்திற் கரி பூசிப் பாடினார். அவையோர் ஆரவாரித்தனர். இயல்பில் வெளிறிய நிறத்தினராகிய அவர், அன்றுமுதல் தம்மினும் கரியராய்த் தோன்றியே பிழைக்கும் நிலையை அடைந்தார்.

ஆயினும் இருவரும் கூலிக்கு நடிப்பாராய் நின்றுவிடவில்லை. வில் மேரியன் குக் இசையமைத்த "இன் டகோமி" என்னும் இசைநாடகத்தைக் கறுப்பினக் கலைஞரே இயற்றி நடிக்க, 1903ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நியூயார்க் நகரத்துப் பேரரங்கொன்றில் அரங்கேற்றினர். பிராட்வே எனப்படும் நாடக வீதியின் பெரிய அரங்கிலே அத்தகைய முழுநீள இசைநாடகம் நிகழ்ந்தது அதுவே முதன்முறையாம். அவ்வாண்டிலேயே அக்குழு இலண்டன் சென்றது. ஜூன் திங்களில், ஏழாம் எட்வர்டு மன்னரின் பேரர் பிறந்தநாளன்று, பக்கிங்காம் அரண்மனையிலும் நடித்தது.

இனி, அவரது கலைத்திறத்தை நோக்குவாம். அவர் ஏற்ற வேடம் எப்பொழுதும் ஊழினால் உதைபடும் எளியவனுடையது. இடுக்கண் உற்றுழித் தனக்கு உதவியார் எவருமிலர் என்று நொந்துரைக்கும் "நோபடி" என்னும் பாட்டிற்குத் தாமே இசை வகுத்து, 1906இல் இசைத்தட்டிலும் பதிவு செய்தார். பின்னர் எவ்வூர் சென்றாலும் அவையோர் அதனையே வேண்டினர். சொல்லின்றி நடிக்கும் சீட்டாட்டக் காட்சி அதனினும் வியப்புடையது. மேசையில்லை, சீட்டில்லை, உடன் ஆடுவாருமில்லை. ஒளிவட்டத்தினுள் அவர் ஒருவரே இருந்து, சீட்டைப் பகுத்தலும், நல்ல சீட்டு வந்தவிடத்து உவகையை மறைத்தலும், ஈற்றில் எல்லாம் இழந்து வாடுதலும் ஆகியவற்றை முகத்தாலும் விரல்களாலுமே காட்டுவார். 1916இல் வெளிவந்த திரைப்படமொன்றில் இக்காட்சியை இன்றும் காணலாம். ஈண்டு அவையோர் நகைத்தது ஓரினத்தை நோக்கியன்று. ஆசையும் ஏமாற்றமும் உடைய தம்மையே நோக்கியாம்.

1909இல் வாக்கர் நோயுற்று மேடை துறந்து, 1911இல் இறந்தார். தனித்து நின்ற வில்லியம்ஸை 1910இல் சீக்பெல்டு என்னும் அரங்கத் தலைவர் தம் புகழ்பெற்ற "பாலீஸ்" காட்சிகளிற் சேர்த்துக்கொண்டார். கறுப்பர் ஒருவரோடு நடியோம் என்று வெள்ளை நடிகர் சிலர் வெருட்டினர். அவருள் எவரை இழப்பினும் வில்லியம்ஸை இழவேன் எனச் சீக்பெல்டு மறுத்தார் என்பர். ஆண்டுகள் பல அக்காட்சிகளில் அவர் தலைமை பெற்று விளங்கினார். இருந்தும் என்! அரங்கினுள் அவரைக் கண்டு மகிழ்ந்த மக்களே, விடுதியிலும் உணவகத்திலும் அவர் தம்மோடு இருத்தலைப் பொறார். கறுப்பராய்ப் பிறத்தல் இழிவன்று, ஆயின் அமெரிக்காவிலே அது பெரிதும் இடர் தருவது என்னுங் கருத்தினை அவர் 1918இல் எழுதிய கட்டுரையொன்றிற் காண்கின்றோம்.

1922ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், நுரையீரல் அழற்சியால் நலிவுற்றிருந்தும், டெட்ராய்ட் நகரத்திலேயே மேடையேறி, நடித்துக்கொண்டிருக்கையில் தளர்ந்து வீழ்ந்தார். அவையோர் அதனையும் நடிப்பென்றே கருதி நகைத்தனர். மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள், 47ஆம் அகவையில், நியூயார்க்கில் உயிர்நீத்தார்.

கரிமுகத்தை அவர் களைந்தெறிந்திருக்க வேண்டும் என்பார் உளர். அக்குறையை நாமும் மறுக்கின்றிலம். அவ்வேடம் எள்ளுவார்க்குத் துணையாயிற்று என்பதும் மெய்யே. ஆயினும், ஒரே வாயில் திறந்திருந்த காலத்திலே அதன்வழியே குனிந்து புகுந்து, உள்ளே சென்றபின் நிமிர்ந்து நின்றவர் அவர் என்பதனை மறத்தலாகாது. 1913இல் அவர் நடித்து முற்றுப்பெறாதொழிந்த படமொன்று நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தாரால் 2014இல் மக்கட்குக் காட்டப்பெற்றது. அதில் வில்லியம்ஸ் ஒருவரே கரி பூசியிருக்க, உடன் நடித்த கறுப்பினத்தாரெல்லாம் தம் இயல்பான முகத்தோடே உலவிக் காதலித்துக் களித்திருக்கின்றனர். அவர்தம் இயல்முகங்களைத் திரை ஏற்றற்கு அவரது கரிமுகம் விலையாயிற்றுப் போலும்! பிறரைக் கண்டு நாம் நகைக்கும்பொழுது, அந்நகையின் விலையை அளிப்பவர் யாவர் என்று ஒருகணம் எண்ணுவோமாயின், அதுவே அக்கலைஞர்க்கு நாம் செய்யும் நன்றியாகும்.