பாலம்மா கட்டிய கோவில்



போன மாதம் பாயா ரும்புட்டில் நவராத்திரி நிகழ்ச்சிக்காக எங்க இளைஞர் குழு கூடியது. பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லித் தரும் அக்கா, இந்த முறை ஒரு பதம் ஆடப் போவதாகச் சொன்னாங்க. முருகனை நினைத்து ஏங்கும் ஒரு பெண்ணின் பாட்டு. சாமி முன்னால காதல் பாட்டு எதுக்கு என்று ஒருத்தர் கேட்டார். நானும் தலையாட்டினேன். அக்கா கோபப்படல. பாலசரஸ்வதியைப் பற்றிப் படிச்சிருக்கியா தம்பி என்று மட்டும் கேட்டாங்க. படிச்சதில்ல. அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

1918 மே 13, சென்னையில் பிறந்தவர். பாட்டி வீணை தனம்மாள், அம்மா ஜெயம்மாள் பாடகி. தேவதாசி மரபில் வந்த குடும்பம். அந்தக் காலத்தில் கோவிலில் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று பெரிய இயக்கமே நடந்தது. காரணம் இல்லாமல் அது எழவில்லை. பெண்கள் பட்ட பாடு உண்மை. ஆனா வழக்கத்தோடு சேர்த்து அவங்க கலையையும் அசிங்கம் என்று பேசிவிட்டார்கள். கடைசியில் 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டமும் வந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஜெயம்மாள் மகளை ஆட விட்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கிய குழந்தை, கந்தப்பப் பிள்ளையிடம் கற்றது. 1925-ல் காஞ்சிபுரத்தில் அம்மன் சன்னிதியில் அரங்கேற்றம். வயசு ஏழு! 1934-ல் கல்கத்தா மேடை.

பிறகு சோதனைக் காலம். குரு காலமானார், உடம்பும் படுத்தியது. ஆட்டம் நின்றே போயிருக்கலாம். அறிஞர் வே. ராகவன் போன்றவர்கள் துணை நிற்க, பாலம்மா மறுபடி எழுந்து வந்தார். மியூசிக் அகாடமியின் நாட்டியப் பள்ளியில் சொல்லியும் கொடுத்தார்.

இதே சமயத்தில் ருக்மிணி தேவி அம்மையார் 1936-ல் கலாக்ஷேத்ரா தொடங்கி, பரதத்தை எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் கற்கும் கலையாக ஆக்கினார். அந்தப் புண்ணியத்தை மறுக்க முடியாது. நம் ஊர்ப் பிள்ளைகள் வரைக்கும் அது வந்திருக்கு. ஆனா அவர் சிருங்காரத்தைக் குறைக்க நினைத்தார். பாலம்மா ஒத்துக்கொள்ளல. சிருங்காரத்தில் அழுக்கு எதுவும் இல்லை, அதுவே பக்தி, கழுவித் துடைக்க என்ன இருக்கு என்பது அவர் நிலை. நம்ம ஆண்டாளை நினைத்தால் எனக்கும் அது சரியாகத்தான் படுது.

1961-ல் டோக்கியோ, 1962-ல் அமெரிக்கா, அடுத்த ஆண்டு எடின்பரோ. மொழியே தெரியாத கூட்டத்துக்கு முன்னால் அதே பதங்களை, தானே பாடியபடி ஆடினார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார்.

1975-ல் சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தில் அவர் ஒரு விளக்கம் சொன்னார். அதைப் படித்தபோதுதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. பரத நிகழ்ச்சி ஒரு கோவில் மாதிரியாம். அலாரிப்பு கோபுரம். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் மண்டபம். வர்ணத்தில் சன்னிதிக்கு வந்துவிடுகிறோம். மேளச் சத்தம் அடங்கி, கர்ப்பக்கிருகத்தின் குளிர்ச்சியில் நிற்கும் இடம்தான் பதம். தில்லானா, கற்பூர ஆரத்தி.

நாங்க வெட்டச் சொன்னது கர்ப்பக்கிருகத்தை!

1973-ல் சங்கீத கலாநிதி, 1977-ல் பத்ம விபூஷண். 1976-ல் சத்யஜித் ரே அவரைப் பற்றி 'பாலா' என்ற ஆவணப்படம் எடுத்தார். வயசு ஐம்பதைத் தாண்டியவர், கடற்கரையில் நின்று கண்ணனைச் சீக்கிரம் வரச் சொல்லி அழைக்கும் கன்னடப் பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிறார். காற்று சேலையைப் பிடித்து இழுக்குது. அவர் முகம் மட்டும் குழந்தையை விட்டு நகரல. அதை மூணு தடவை பார்த்தேன்.

1984 பிப்ரவரி 9-ல் பாலம்மா மறைந்தார்.

அக்கா எழுதிக் கொடுத்த நிகழ்ச்சி நிரல் இன்னும் என்னிடம்தான் இருக்கு. பதம் நாலாவது. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதலில் நான்தான் பேசப் போறேன்.